வலிப்புக் குளிசை பிள்ளையை மந்தமாக்குகிறதா?

மண்சரிவு அபாயம் காரணமாகக் கினிகத்தேனைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து வெளியேறி, பாடசாலை மண்டபம் ஒன்றில் தங்கியிருந்த குடும்பங்களைப் பார்க்க நாம் போயிருந்தபோது, ஒரு தாய் எம்மிடம் கேட்ட கேள்வியைத்தான் இக்கட்டுரைக்குத் தலைப்பாக வைத்திருக்கிறோம். அவருடைய மகனுக்கு ஒன்பது வயது. நான்கு வருடங்களாக வலிப்புக்கு மருந்து குடிக்கிறான்.

"குளிசை குடுக்கலேன்னா இழுப்பு வருது. குடுத்தா புள்ள தூங்கி வழியிறான். சொல்லிக் குடுத்தது ஒண்ணும் மண்டையில நிக்கல. நாங்க எதப் பாக்கிறது?" என்றார்.

இரவோடிரவாக லயத்தை விட்டு இறங்கியபோது கிளினிக் கொப்பியும் குளிசைப் பொட்டலமும் வீட்டிலேயே தங்கிவிட்டன. மருந்து இல்லாத முதல் சில நாட்களில் பிள்ளை சுறுசுறுப்பாக ஓடியாடினான். அதைக் கண்ட தாய்க்கு, மருந்தைத் தேடிப் போக மனம் வரவில்லை. பதினொரு நாட்கள் அப்படியே கழிந்தன. அடுத்த இரவு வந்த வலிப்பு நிற்கவேயில்லை. முச்சக்கர வண்டியொன்றில் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினார்கள். ஊசி மருந்து ஏற்றிய பின்னரே அது அடங்கியது. பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

அந்தத் தாயைக் குறை சொல்ல எமக்கு மனமில்லை. அவர் கண்ணால் கண்டது பொய்யல்ல. வலிப்பு மருந்துகள் சில சிந்தனையைத் தாமதப்படுத்தும் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. ஆனால் அவர் காணாத வேறு உண்மைகளும் உண்டு. காணியும் வீடும் இழந்து இடம் மாறி வாழும் குடும்பங்களுக்கு இவை இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

மூளைக்குள் நடப்பது என்ன?

காக்காய் வலிப்பு, கால்-கை வலிப்பு, இழுப்பு, பிட்ஸ் என்று பல பெயர்களில் நாம் சொல்வது ஒரே நோயைத்தான். உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களுள் பெரும்பாலானோர் எம்மைப் போன்ற வறிய, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்பவர்கள். ஒழுங்காக மருந்து கிடைத்தால் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பே இன்றி வாழ முடியும்.

மூளையின் கலங்கள் ஒன்றோடொன்று மிக மெல்லிய மின்சாரத்தால் பேசிக்கொள்கின்றன. ஒரு கலம் தூண்டும், மற்றொன்று அடக்கும். தூண்டலும் அடக்கலும் சரியாக இருக்கும்வரை வேலை ஒழுங்காக நடக்கும். பெருந்தொகைக் கலங்கள் ஒரே கணத்தில் கட்டுப்பாடின்றித் தூண்டப்படும்போது வருவதே வலிப்பு. பேயுமல்ல, சாபமுமல்ல, தொற்றும் நோயுமல்ல. பிறக்கும்போது மூச்சுத் திணறியது, மூளைக் காய்ச்சல், மலையில் விழுந்து தலையில் பட்ட அடி, பரம்பரை என்று காரணங்கள் பல. பலருக்குக் காரணம் தெரிவதே இல்லை.

வலிப்பைத் தூண்டுபவையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். தூக்கமின்மையும் காய்ச்சலும் பலருக்குப் பொதுவானவை. சாப்பிடும் வேளையில் வலிப்பு வருபவர்களும் இருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்த நிமால் சேனநாயக்க எமது நாட்டு நோயாளரிடையே இதனை ஆராய்ந்து எழுதியவர்.

மருந்துகள் செய்வது அந்தத் தூண்டலைக் குறைப்பது, அல்லது அடக்கும் பக்கத்துக்குப் பலம் கொடுப்பது. இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. வலிப்பை உண்டாக்கும் மின்சாரமும், வாய்ப்பாடு மனனம் செய்யும் மின்சாரமும் வேறு வேறானவை அல்ல. மதகை இறுக்கி வெள்ளத்தைத் தடுத்தால் வயலுக்குப் போகும் நீரும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். எவ்வளவு இறுக்குவது என்பதுதான் வைத்தியரின் கலை.

மந்தத்துக்கு மருந்து மட்டுமா காரணம்?

பிள்ளை மந்தமாக இருக்கிறான் என்றால் நாம் உடனே குளிசையைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறோம். உண்மையில் நான்கு காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கலாம்.

வலிப்புக்குக் காரணமான மூளைப் பாதிப்பே சில பிள்ளைகளின் கற்கும் ஆற்றலையும் குறைத்திருக்கும். மருந்து தொடங்குவதற்கு முன்பே அவர்கள் பிந்தியிருப்பார்கள்.

அடுத்தது வலிப்பு. பெரிய வலிப்பொன்று வந்து போனால் சில மணி நேரம், சிலருக்கு ஓரிரு நாட்கள்கூட, மூளை களைத்துக் கிடக்கும். இரவில் தூக்கத்தில் வரும் வலிப்பை எவரும் பார்ப்பதில்லை. காலையில் நாக்கு கடிபட்டிருக்கும், படுக்கை நனைந்திருக்கும், பிள்ளை தலைவலியோடு எழும்பும். அதைப் பார்த்துவிட்டு "நேற்று குடித்த குளிசை" என்று சொல்லிவிடுகிறோம். இன்னொரு வகை வலிப்பில் கை கால் இழுப்பதே இல்லை. பிள்ளை பத்து விநாடி வெறித்துப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடரும். ஒரு நாளில் பல முறை இப்படி நடந்தால் ஆசிரியர் சொன்னதில் பாதி காதில் விழாது. "வகுப்பில் கனவு காண்கிறான்" என்று அடி வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேரோ! இவர்களுக்குச் சரியான மருந்து கிடைத்தால் படிப்பு முன்னேறும்.

மூன்றாவது காரணம் மருந்து. அதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் அதிகம் பேசப் போகிறோம்.

நான்காவதை வைத்தியசாலையில் அதிகம் கேட்கமாட்டார்கள். இடம் மாறியதால் தவறிப்போன பாடசாலை நாட்கள், மண்டபத்துச் சீமெந்துத் தரையில் வராத தூக்கம், பயம், மற்றப் பிள்ளைகளின் கேலி, இரத்தச்சோகை. வலிப்புள்ள பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கமும் எம்மிடையே உண்டு. மூன்று மாதம் பாடசாலைக்குப் போகாத எந்தப் பிள்ளையும் கணக்கில் பிந்தத்தான் செய்யும்.

எது எவ்வளவு என்று கண்டுபிடிக்க வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை ஒன்றுண்டு. பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து குடித்த நேரம், வலிப்பு வந்த நாளும் நேரமும், அது எவ்வளவு நேரம் நீடித்தது, தூக்கம் வழியும் நேரம், வைத்தியர் மருந்தைக் கூட்டிய அல்லது மாற்றிய திகதி என்பவற்றைக் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பாடசாலை போகும் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். புதிய மருந்து தொடங்கி அல்லது அளவு கூட்டி இரண்டு மூன்று வாரத்துக்குள் மந்தம் வந்திருந்தால் மருந்தைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. குளிசை குடித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் தலை சுற்றிப் பின்னர் தெளிந்தால் அப்போதும் அப்படித்தான். மருந்து மாறாமலே கொஞ்சம் கொஞ்சமாக மந்தம் கூடினால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். கிளினிக்கில் வைத்தியருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த நேரத்தில் உங்கள் கொப்பி பேசும்.

மொழியும் ஒரு தடைதான். பல இடங்களில் வைத்தியரும் தாதியும் சிங்களத்தில் கேட்கிறார்கள். எமது தாய்மார் "பரவாயில்லை" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். சிங்களம் பேசத் தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்க வேண்டிய கேள்வியை முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள்.

எந்த மருந்து என்ன செய்யும்?

இன்று பரவலாக வழக்கிலுள்ள வலிப்பு மருந்துகளில் மூத்தது பினோபாபிட்டோன். 1912 இல் ஜெர்மன் வைத்தியர் அல்பிரட் ஹவுப்ட்மன் இதனை வலிப்புக்குக் கொடுக்கத் தொடங்கினார். நூறு வருடங்களுக்கு மேலாகியும் இது வழக்கில் இருக்கிறது. விலை மிகக் குறைவு. ஒரு நாளைக்கு ஒரு தரம், இரவில் குடித்தாலே போதுமான அளவுக்கு உடம்பில் நின்று வேலை செய்யும். ஆரம்ப வாரங்களில் தூக்கம் வரும், பலருக்குப் பின்னர் குறைந்துவிடும். பெரியவர்களுக்கு நினைவும் வேகமும் சற்றுக் குறையலாம். சில பிள்ளைகள் தூங்குவதற்குப் பதிலாக அடங்காமல் ஓடுவார்கள், எரிந்து விழுவார்கள். அதுவும் மருந்தின் விளைவே.

இம்மருந்துக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது 1990 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. காய்ச்சலோடு வலிப்பு வந்த 217 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு பினோபாபிட்டோனும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிகையும் கொடுத்தார்கள். இரண்டு வருடங்களின் பின் அளந்து பார்த்தபோது, மருந்து குடித்தவர்களின் நுண்ணறிவு ஈவு சராசரியாக 8.4 புள்ளிகள் குறைவாக இருந்தது. மருந்தை நிறுத்தி ஆறு மாதம் கழிந்தும் 5.2 புள்ளிகள் குறைவு. இன்று சாதாரண காய்ச்சல் வலிப்புக்காக எந்தக் குழந்தைக்கும் தினந்தோறும் பினோபாபிட்டோன் கொடுப்பதில்லை. அது நியாயமான முடிவு.

ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு இருந்தது காய்ச்சல் வலிப்பு. பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும் ஒன்று. உண்மையான வலிப்பு நோயுள்ள பிள்ளைகளின் கதை வேறு. மேற்கு வங்காளத்தின் கிராமங்களில் 94 பிள்ளைகளுக்கு பினோபாபிட்டோன் அல்லது பெனிட்டோயின் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 1998 இல் வெளிவந்தது. பினோபாபிட்டோன் குடித்த பிள்ளைகளின் நடத்தையில் மேலதிகக் கெடுதல் எதையும் அது காணவில்லை. பங்களாதேஷில் 108 பிள்ளைகளிடம் இதனை கார்பமசெப்பினுடன் ஒப்பிட்டு 2007 இல் வெளியிட்ட ஆய்வும் அப்படியே சொன்னது. சீனக் கிராமங்களில் பெரியவர்களுக்கு பினோபாபிட்டோன் கொடுத்து ஒரு வருடம் கவனித்தவர்கள், அவர்களுடைய நினைவு கெடவில்லை என்றும், சில சோதனைகளில் முன்னேறியிருந்தது என்றும் 2012 இல் எழுதினார்கள். வலிப்பு நின்றதே மூளைக்குக் கிடைத்த ஓய்வு. எனவே பினோபாபிட்டோன் என்ற பெயரைக் கேட்டவுடன் பயந்து குப்பையில் போடுவதும் தவறு, மந்தத்தைச் சொல்லாமல் வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருப்பதும் தவறு. எமது கருத்தில், வேறு மருந்து ஒழுங்காகக் கிடைக்கும் இடத்தில், படிக்கும் பிள்ளைக்கு மாற்றுவதைப் பற்றி வைத்தியரிடம் கேட்பது பெற்றோரின் உரிமை.

பெனிட்டோயின் வேறு விதமானது. பெரும்பாலான மருந்துகளில் இரண்டு மடங்கு குடித்தால் இரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். பெனிட்டோயின் அப்படியல்ல. ஒரு எல்லைவரை ஈரல் அதைக் கழித்துக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டினால் கான் நிரம்பிய மழைநாள் போல, சிறிது கூட்டினாலும் இரத்தத்தில் மளமளவென்று ஏறும். அப்போது கண் ஆடும், நாக்கு குழறும், நடை தள்ளாடும், புத்தி மழுங்கும். வைத்தியர் சொல்லாமல் அரைக் குளிசை கூட்டுவதும், வேறு கம்பனிக் குளிசைக்குத் தெரியாமல் மாறுவதும் இதில் ஆபத்து. காலையில் பிரட்டுக் களத்தில் தள்ளாடி நின்ற ஒருவரைக் குடித்துவிட்டு வந்தவர் என்று திருப்பியனுப்பிய கதை எமக்குத் தெரியும். அவர் குடித்திருந்தது பெனிட்டோயின் மட்டுமே. முரசு தடிப்பதும் இதன் பக்க விளைவு. பல்லைத் துப்புரவாக வைத்திருந்தால் அது குறையும்.

கார்பமசெப்பின் பொதுவாக மூளையை அவ்வளவு மழுங்கடிப்பதில்லை. குடித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் தலைசுற்றும், ஒன்று இரண்டாகத் தெரியும். அளவைப் பிரித்துக் குடித்தால் அல்லது மெதுவாகக் கரையும் குளிசைக்கு மாறினால் இது சரிப்படலாம். அந்த மெதுவாகக் கரையும் குளிசையை இடித்துப் பொடியாக்கக் கூடாது. புதிதாகத் தொடங்கியவருக்கு உடம்பில் தடிப்பு வந்தால் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். வெறித்துப் பார்க்கும் வகை வலிப்பைக் கார்பமசெப்பின் கூட்டிவிடும். ஆகையால் எந்த வகை வலிப்பு என்று வைத்தியருக்குச் சரியாகச் சொல்வது முக்கியம்.

சோடியம் வல்புரோயேட் பல வகை வலிப்புகளை அடக்கும். தூக்கம் குறைவு, ஆனால் உடல் பருக்கும், முடி கொட்டும், கை நடுங்கும். கவனத்தையும் இது ஓரளவு சிதறடிக்கிறது என்பது 2010 இல் வெளியான அமெரிக்க ஆய்வில் தெரிந்தது. வெறித்துப் பார்க்கும் வலிப்புள்ள பிள்ளைகளிடம் நடந்த அந்த ஆய்வில், வல்புரோயேட் குடித்தவர்களில் 100 க்கு 49 பேருக்கும், எதொசக்சிமைட் குடித்தவர்களில் 33 பேருக்கும் கவனக் குறைபாடு இருந்தது. வலிப்பை அடக்குவதில் இரண்டும் ஏறக்குறைய சமம்.

புதிய மருந்துகளில் லமோட்ரிஜினும் லெவெட்டிரசெட்டாமும் சிந்தனையை அதிகம் பாதிப்பதில்லை. லெவெட்டிரசெட்டாம் சிலருக்குக் கோபத்தையும் மனச்சோர்வையும் கொண்டுவரும். டொப்பிரமேட் குடிப்பவர்களில் சிலர், நாக்கு நுனியில் நிற்கும் சொல் வெளியே வராமல் திணறுவார்கள். குளோபசாம் தூக்கம் தரும்.

எந்த மருந்தானாலும் பொதுவாக இரண்டு விடயங்கள் மூளையைப் பாதிக்கின்றன. ஒன்று மருந்தின் அளவு. மற்றது மருந்துகளின் எண்ணிக்கை. மூன்று வகைக் குளிசை குடிக்கும் ஒருவரின் மந்தம், அவற்றில் ஒன்றை வைத்தியர் மெதுவாகக் குறைத்தபோது தெளிந்துவிடுவதுண்டு. "இத்தனையும் இன்னும் தேவையா?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

நினைவாற்றலுக்கென்று கடைகளில் விற்கும் டானிக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற மூளை, முள்ளந்தண்டு நோயிலும் நினைவு குறைவதுண்டு. எமது நாட்டில் அது அரிது, குளிர் நாடுகளில் அதிகம். அந்நோயாளருக்கு நினைவைக் கூட்டலாம் என்று நம்பி டொனெப்பெசில் என்ற மருந்தை 120 பேரிடம் சோதித்தார்கள். 2011 இல் வெளியான முடிவு: வெறும் குளிகையைவிட எந்தப் பயனும் இல்லை. இவ்வளவு ஆராய்ந்த மருந்துக்கே இதுதான் நிலைமை என்றால், கடைக்காரர் புகழும் போத்தலுக்கு ஒரு நாள் சம்பளத்தைக் கொடுப்பதை நாம் எப்படி ஆதரிப்பது? அந்தக் காசுக்கு முட்டையும் கீரையும் வாங்கலாம்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு

இதை வெட்கப்படாமல் வாசியுங்கள். வல்புரோயேட் குடிக்கும் பெண் கருவுற்றால் அது வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளையைப் பாதிக்கிறது. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நடந்து 2013 இல் முடிவு வெளியான ஆய்வொன்றில், தாய் வல்புரோயேட் குடித்த பிள்ளைகளின் நுண்ணறிவு ஈவு ஆறு வயதில் சராசரியாக 97. கார்பமசெப்பின் குடித்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு 105, லமோட்ரிஜினுக்கும் பெனிட்டோயினுக்கும் 108. அளவு கூடக் கூடப் பாதிப்பும் கூடுகிறது. உடல் உறுப்புக் குறைபாடுகளும் இம்மருந்தில் அதிகம், ஏறக்குறைய 10 குழந்தைகளில் ஒன்றுக்கு. ஆகவே பருவமடைந்த பெண்ணுக்கு, வேறு வழி இருந்தால், இதைத் தவிர்க்க வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ அறிவுரை.

இதை வாசித்துவிட்டு, கர்ப்பிணியாக இருக்கும் எவரும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. பெரிய வலிப்பு தாயையும் சேயையும் ஒருசேரக் கொல்லக்கூடும். கிளினிக்குக்குப் போய் மாற்றுவதைப் பற்றிப் பேசுங்கள். கலியாணம் பேசும்போதே போவது இன்னும் நல்லது. மருந்து மாற்ற மாதங்கள் எடுக்கும். போலிக் அமிலக் குளிசையும் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். பினோபாபிட்டோன், பெனிட்டோயின், கார்பமசெப்பின் ஆகியவை குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையின் வலுவைக் குறைக்கும், கையில் வைக்கும் குச்சியின் வலுவையும் குறைக்கும். குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் வலிப்பு மருந்து குடிப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எமது பெண்கள் பலர் புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் குளிசையை ஒளித்துக் குடிக்கிறார்கள். ஒளித்துக் குடிப்பவர் ஒழுங்காகக் குடிக்க முடியாது.

மழையும் மருந்தும்

கினிகத்தேனை, வட்டவளைப் பக்கத்து மழையைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த ஈரம் குளிசையையும் கெடுக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கார்பமசெப்பின் குளிசை ஈரக் காற்றில் கிடந்தால் இறுகிவிடும். வயிற்றில் சரியாகக் கரையாது. மூன்றிலொரு பங்கு வலுவை அது இழந்துவிடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் 1990 இலேயே எச்சரித்தார்கள். சோடியம் வல்புரோயேட் அதைவிட மோசம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும்.

வைத்தியசாலை மருந்தகத்தில் குளிசையை எண்ணிக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். ஒரு மாதத்து மருந்தை அந்த உறையோடு கூரைத் தகரத்தின் கீழ் செருகி வைத்தால் மாதக் கடைசியில் குடிப்பது பாதி மருந்து. "ஒழுங்காகக் குடித்தும் வலிப்பு வருகிறதே" என்று வைத்தியர் அளவைக் கூட்டுவார். அடுத்த மாதம் புதுக் குளிசை, நல்ல வலுவோடு, கூட்டிய அளவில். அப்போதுதான் பிள்ளை தூங்கி வழிவான். வலிப்பும் மந்தமும் மாறி மாறி வருகிற சில வீடுகளில் இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

தகட்டில் வந்த குளிசையைக் குடிக்கும் நேரத்திலேயே பிரியுங்கள். தளர்வாகக் கிடைத்ததை இறுக்கமான மூடியுள்ள சிறிய போத்தலில் போட்டு, அடுப்புக்கும் பீலிக்கும் தூரமாக, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். போத்தலில் மருந்தின் பெயரை எழுதி ஒட்டுங்கள். கிருமிநாசினியும் களைநாசினியும்கூட எமது பேச்சில் "மருந்து"தான். அவற்றை எந்தக் காரணத்துக்காகவும் ஒரே இடத்தில் வைக்க வேண்டாம்.

இடம் பெயரும்போது

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் காலை வேளையில் மலை சரிந்தபோது எதையும் எடுக்க நேரமிருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையிலும் மலைநாட்டில் பலர் உடுத்த உடையோடுதான் வெளியேறினார்கள். 2022 இல் மலை சரியாமலே மருந்து இல்லாமல் போனது. நாட்டின் பொருளாதாரம் சரிந்து, வைத்தியசாலைகளில் பல மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தது.

வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வருவது சாதாரண வலிப்பல்ல. ஒன்று முடியுமுன் இன்னொன்று தொடங்கி நிற்காமல் போகலாம். பினோபாபிட்டோனிலும் குளோபசாமிலும் இந்த ஆபத்து அதிகம். அந்தத் தாய் முதல் நாட்களில் கண்ட சுறுசுறுப்பு ஒரு ஏமாற்று. பினோபாபிட்டோன் உடம்பிலிருந்து மெதுவாகவே வெளியேறும். தூக்கம் தெளியும் அளவுக்குக் குறைந்து, வலிப்பைத் தடுக்கும் அளவுக்கு மிஞ்சியிருந்த சில நாட்கள் அவை.

அடைமழை தொடங்கியதும் கிளினிக் கொப்பியையும் ஒரு வாரத்துக்கான குளிசையையும் பிளாஸ்டிக் பையில் கட்டி அடையாள அட்டையோடு வைத்துவிடுங்கள். கொப்பியின் கடைசிப் பக்கத்தையும் குளிசை உறையையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வெளியூரிலிருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். பெயர் மட்டும் போதாது, எத்தனை மில்லிகிராம் என்பதும் தெரிய வேண்டும். எல்லாம் போய்விட்டாலும் அச்சப்பட வேண்டாம். எந்த அரசாங்க வைத்தியசாலையிலும் இலவசமாகப் பார்ப்பார்கள். முகாமுக்கு வரும் வைத்தியக் குழுவிடம் முதல் நாளே சொல்லுங்கள். கொப்பி இல்லை என்பதால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். நினைவில் இருக்கும் மருந்தைத் தனியார் பாமசியில் ஊகித்து வாங்குவதும் வேண்டாம்.

கினிகத்தேனையிலிருந்து டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கும், நாவலப்பிட்டி வைத்தியசாலைக்கும் பஸ் இருக்கிறது. நரம்பியல் நிபுணரைப் பார்க்கக் கண்டி தேசிய வைத்தியசாலைக்கும், பிள்ளைகளுக்குப் பேராதனையிலுள்ள சிறுவர் வைத்தியசாலைக்கும் அங்கிருந்து துண்டு எழுதித் தருவார்கள். ஒரு நாள் சம்பளம் போகும் என்பது எமக்குத் தெரியும். ஆனாலும் மருந்து குடித்தும் வலிப்பு நிற்காதவர்களும், மருந்தால் படிக்கவோ வேலை செய்யவோ முடியாதவர்களும் ஒரு தடவையாவது நிபுணரைப் பார்த்தாக வேண்டும். இரண்டு வருடம் வலிப்பே வராமல் இருந்தால் மருந்தை மெதுவாகக் குறைத்து நிறுத்தலாமா என்று கேட்பதற்கும் அங்கேதான் போக வேண்டும்.

வலிப்பு வந்த நேரத்தில் கையில் சாவிக்கொத்தும் இரும்பும் கொடுப்பதால் பயனில்லை. வாய்க்குள் கரண்டியோ விரலோ விடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வைத்து, மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், அல்லது நினைவு திரும்புமுன் மறுபடி வந்தால், வைத்தியசாலைக்கு. வலிப்பு கட்டுப்படும்வரை அடுப்படியில் தனியே இருப்பதையும், ஆற்றில் தனியே குளிப்பதையும், கவ்வாத்துக் கத்தி பிடிப்பதையும் தவிர்க்க வேண்டும். கங்காணியிடம் சொன்னால் வேறு வேலை கேட்கலாம். சொல்லாவிட்டால் அதுவும் கிடைக்காது.

தொடக்கத்தில் சொன்ன பிள்ளையை இரண்டு மாதம் கழித்துப் பார்த்தோம். அவனுடைய தாய் ஒரு கொப்பியில் மூத்த மகளைக் கொண்டு எழுதுவித்திருந்தார். காலையிலும் இரவிலும் குடித்துவந்த பினோபாபிட்டோனைக் கிளினிக்கில் இரவுக்கு மாத்திரம் மாற்றி, புதிய மருந்தொன்றைக் குறைந்த அளவில் தொடங்கியிருந்தார்கள். பழையதைப் படிப்படியாக நிறுத்த இன்னும் சில மாதம் ஆகும். வகுப்பில் தூங்குவது குறைந்திருக்கிறது. ஒரு சிறிய வலிப்பு மட்டும் வந்ததாகக் குறித்திருந்தது, அதுவும் காய்ச்சல் நாளில். கணக்கு இன்னும் பின்னால்தான். அதற்குக் காரணம் குளிசையா, மண்டபத்தில் கழிந்த அந்த வாரங்களா என்று தாய் கேட்டார். அடுத்த தவணைப் பரீட்சைவரை கொப்பியைத் தொடர்ந்து எழுதச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.